மேரி ஷார்லீப்: மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு தாய்

மேரி ஷார்லீப் (மேரி ஆன் டகோம்ப் ஷார்லீப், ஜூன் 18, 1845 - நவம்பர் 21, 1930) ஆங்கிலேய மகப்பேறு மருத்துவர், அறுவை நிபுணர். வழக்கறிஞரான கணவருடன் மெட்ராஸுக்குக் குடியேறியவர். மூன்று குழந்தைகளுக்குத் தாயான பின் 1875-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். சென்னை திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று அறியப்படும் மகளிர் மருத்துவமனையைத் தொடங்கியவர். தென்னிந்தியாவில் பெண்கள் நவீன மருத்துவம் கற்பதற்கான வழி திறந்த வரலாற்றில் முன்னோடியாகக் கருதப்படுகிறார். அந்த வழியின் ஒரு கிளை பின்னாளில் திருவிதாங்கூர் வழியாக நாகர்கோவிலையும் கோட்டாறையும் வந்தடைந்தது.

பிறப்பு, இளமை

மேரி லண்டனில் சாமுவேல் பேர்ட் - மேரி ஆன் டகோம்ப் இணையருக்குப் பிறந்தார். அவர் பிறந்த பத்தாவது நாளில் தாய் இறந்தார். குழந்தை தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தது. பின்னாளில் தன் வாழ்நாள் முழுவதையும் பிரசவத்தில் பெண்கள் இறப்பதைத் தடுக்கும் பணிக்குச் செலவிட்டவரின் வாழ்க்கை இப்படி ஒரு மரணத்தில் தொடங்கியது.

அன்று பிரசவத்துக்குப் பிந்தைய காய்ச்சல் ஐரோப்பா முழுவதும் தாய்மார்களைக் கொன்றுகொண்டிருந்தது. அதற்கான காரணம் யாருக்கும் தெரியவில்லை. 1847-ல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரேதப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வரும் மருத்துவர்களே இந்தக் காய்ச்சலைக் கொண்டுவருகிறார்கள் என்று கண்டறிந்தார். கைகளைக் குளோரின் கரைசலில் கழுவச்செய்தபோது மரணங்கள் பெருமளவு குறைந்தன. ஆனால் மருத்துவ உலகம் அதை ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

மேரி விடுதிப் பள்ளிகளில் படித்தார். பத்தொன்பது வயதில் வில்லியம் மேசன் ஷார்லீப்பைச் சந்தித்தார். வில்லியம் சட்டம் படித்து, மெட்ராஸில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் திட்டத்தில் இருந்தார். மகள் இந்தியாவுக்குச் செல்வதை விரும்பாததால் மேரியின் குடும்பம் முதலில் இத்திருமணத்தை எதிர்த்தது. 1865 டிசம்பரில் திருமணம் நடந்தது. 1866-ல் இருவரும் மெட்ராஸ் வந்து சேர்ந்தனர்.

மெட்ராஸில் கண்டவை

மேரி மெட்ராஸில் சில ஆண்டுகளுக்குள் இரண்டு மகன்களுக்கும் ஒரு மகளுக்கும் தாயானார். கணவரின் சட்டப் பணிகளிலும் உதவினார். இந்தியப் பெண்கள் பிரசவத்தில் படும் துன்பங்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டது இக்காலத்தில்தான்.

அன்று பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். பெரும்பாலும் நாவிதர் குடும்பங்களைச் சேர்ந்த அப்பெண்கள் தலைமுறை அனுபவத்தால் தொழிலைக் கற்றவர்கள். இயல்பான பிரசவங்களை அவர்களால் நடத்த முடிந்தது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ அவர்களால் செய்யக்கூடியது அதிகமில்லை. நகரில் மருத்துவமனை இருந்தது, மருத்துவர்களும் இருந்தனர். ஆனால் அத்தனை பேரும் ஆண்கள். கோஷா முறையைப் பின்பற்றிய இஸ்லாமியப் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் ஆண் மருத்துவர் முன் வருவதைவிட இறப்பதை ஏற்றுக்கொண்டனர். அவர்களுக்காக அந்த முடிவை எடுத்தவர்கள் பல வீடுகளில் குடும்பத்து ஆண்கள்.

1871-ல் மேரி மெட்ராஸ் பிரசவ மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1844-ல் தொடங்கப்பட்ட அம்மருத்துவமனையே பின்னாளில் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கே மகப்பேறு உதவி கற்றபின் அவர் வீடுகளுக்குச் சென்று பிரசவம் பார்த்தார். மருத்துவச்சிக்குரிய அறிவு மட்டும் போதாது, முழுமையான மருத்துவக் கல்வி தேவை என்ற முடிவுக்கு அந்த அனுபவமே அவரைக் கொண்டுவந்தது.

மருத்துவக் கல்லூரியில் பெண்கள்

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1835-ல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி 1850-ல் கல்லூரி ஆனது. நாற்பது ஆண்டுகளாக அங்கே ஆண்கள் மட்டுமே படித்தனர். பெண்களைச் சேர்க்கவேண்டும் என்று வாதிட்டவர் மெட்ராஸின் தலைமை மருத்துவ அதிகாரியான எட்வர்ட் பால்ஃபர். இவர் மகப்பேறு மருத்துவ நூல் ஒன்றை ஹிந்துஸ்தானியில் மொழியாக்கம் செய்தவர். அதைத் தமிழ், தெலுங்கு, கன்னட மொழிகளுக்கும் கொண்டுவர முயற்சி எடுத்தவர். கோஷாப் பெண்களுக்கு மருத்துவம் சென்றுசேர வேண்டுமென்றால் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்பது அவருடைய வாதம்.

1875-ல் நான்கு பெண்கள் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். முப்பது வயதான மேரி ஷார்லீப் அவர்களில் ஒருவர். உடன் சேர்ந்த மூவரும் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியக் குடும்பப் பெயர்கள் கொண்டவர்கள். இந்தியப் பெண்கள் இக்கல்லூரிக்குள் வர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

இந்த ஆண்டின் முக்கியத்துவம் பிரிட்டனின் நிலையோடு ஒப்பிட்டால் புரியும். எடின்பரோவில் மருத்துவம் கற்க வந்த சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கையும் தோழிகளையும் 1870-ல் தேர்வு அறைக்குள் நுழையவிடாமல் மாணவர் கூட்டம் கலகம் செய்தது. அவர்களுக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. பெண்களுக்கு மருத்துவத் தகுதி வழங்கலாம் என்று அனுமதிக்கும் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1876-ல்தான் நிறைவேறியது. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களைப் பட்டங்களுக்கு அனுமதித்தது 1878-ல். ஆளும் நாட்டில் மூடியிருந்த கதவு ஆளப்பட்ட ஊரில் முதலில் திறந்தது. அதற்குக் காரணம் அரசின் தாராளம் அல்ல. கோஷாப் பெண்களின் மரணங்களுக்கு வேறு பதில் எதுவும் அரசிடம் இருக்கவில்லை.

மூன்றாண்டுப் படிப்பை முடித்து 1878-ல் மேரி மருத்துவம், அறுவை, மகப்பேறு ஆகியவற்றில் உரிமச் சான்றிதழ் பெற்றார். வீடு, குழந்தைகள், கல்லூரி என மூன்று பொறுப்புகளோடும் மெட்ராஸ் வெயிலோடும் கழிந்த ஆண்டுகள் அவர் உடல்நலத்தைப் பாதித்தன.

லண்டன், வியன்னா

1878-ல் மேரி இங்கிலாந்து திரும்பினார். கணவர் மெட்ராஸிலேயே தொழிலைத் தொடர்ந்தார். குடும்பம் இரு நாடுகளில் பிரிந்து வாழ்ந்தது. 1874-ல் தொடங்கப்பட்டிருந்த லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் மேரி சேர்ந்தார். மெட்ராஸ் சான்றிதழோடு நின்றிருந்தால் அவர் தொழில் செய்திருக்க முடியும். ஆனால் ஆண் மருத்துவர்களுக்கு இணையான பட்டம் இல்லாத பெண் மருத்துவரை உயர்ந்த மருத்துவச்சியாக மட்டுமே உலகம் பார்க்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1882-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இரு பெண்களில் ஒருவரானார். மற்றவர் ஈடித் ஷவ். மகப்பேறு மருத்துவத்தில் மேரி தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. அதன்பின் பிரசவ அறுவைப் பயிற்சிக்காக வியன்னா சென்றார். செம்மல்வைஸ் கைகழுவலை வலியுறுத்தி ஏளனம் செய்யப்பட்ட அதே நகரம் அது. இதற்குள் ஜோசப் லிஸ்டரின் நச்சுத்தடை முறை பரவி, செம்மல்வைஸின் கண்டுபிடிப்பு சரியென நிறுவப்பட்டிருந்தது.

இந்தியா திரும்பும் முன் மேரி விக்டோரியா அரசியைச் சந்தித்து இந்தியப் பெண்களின் நிலையை எடுத்துரைத்தார். இந்தியாவிலிருந்து வந்த இத்தகைய செய்திகளின் தொடர்ச்சியாக, இந்தியப் பெண்களுக்கு மருத்துவ உதவி அளிப்பதற்கான டஃபரின் நிதி 1885-ல் தொடங்கப்பட்டது.

கோஷா மருத்துவமனை

1883-ல் மேரி மெட்ராஸ் திரும்பினார். தான் மாணவியாக இருந்த மருத்துவக் கல்லூரியிலேயே மகப்பேறு, பெண்கள் நோய்த் துறைகளில் விரிவுரையாளரானார். 1885-ல் நுங்கம்பாக்கத்தில் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனையைத் தொடங்கினார். மக்கள் அதை 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே அழைத்தனர். அங்கே பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்த்தனர். 1890-ல் மருத்துவமனை இன்றைய இடத்துக்கு மாறியது. வெங்கடகிரி அரசர் அதற்குப் பெரும் நன்கொடை அளித்தார். நாடு விடுதலை அடைந்தபின் அது கஸ்தூர்பா காந்தியின் பெயரைப் பெற்றது.

இம்மருத்துவமனையின் பெயரிலேயே அதன் எல்லையும் உண்டு. திரைக்குப் பின்னிருந்த பெண்களை வெளியே அழைக்காமல், திரையை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தது அது. சாதி வேறுபாட்டையும் ஒரு நிபந்தனையாக ஏற்றுக்கொண்டது. பிரசவத்தில் மிக அதிகமாக இறந்த ஏழைப் பெண்கள், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் ஆகியோரை முதன்மையாகக் கருதி அது உருவாக்கப்படவில்லை. ஆனால் நிபந்தனைகளை ஏற்காவிட்டால் அப்பெண்களில் பலர் மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டார்கள். காலப்போக்கில் அது எல்லாப் பெண்களுக்குமான அரசு மருத்துவமனை ஆயிற்று.

பிற்காலம்

உடல்நலக் குறைவால் 1887-ல் மேரி இந்தியாவை விட்டுச் சென்றார். 1888-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் உயர் மருத்துவப் பட்டமான எம்.டி.யைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1897-ல், தன் ஐம்பத்திரண்டாவது வயதில், அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1902-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பெண்கள் நோய் மருத்துவராக நியமிக்கப்பட்டார். 1913-ல் அமைக்கப்பட்ட பால்வினை நோய்களுக்கான அரசு ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். 1924-ல் தன் நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1926-ல் பிரிட்டிஷ் அரசு 'டேம்' பட்டம் அளித்தது. 1930 நவம்பர் 21 அன்று காலமானார்.

தொடர்ச்சி: மெட்ராஸிலிருந்து நாஞ்சில் நாடு வரை

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பெண்கள் படிக்க முடியும் என்ற செய்தி விரைவில் பரவியது. கல்கத்தாவில் இடம் கிடைக்காத அபலா தாஸ், பின்னாளில் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் மனைவி, 1882-ல் மருத்துவம் கற்க மெட்ராஸ்தான் வந்தார். 1907-ல் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் பட்டம் பெற்றார்.

கோட்டாறும் நாகர்கோவிலும் அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தன. இப்பகுதியில் நவீன மருத்துவம் மிஷனரிகள் வழியாக வந்தது. 1838-ல் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். தொடக்ககால மிஷன் மருத்துவர்கள் ஆண்களே என்பதால் மெட்ராஸில் இருந்த தடை இங்கும் இருந்தது.

அந்தத் தடையைத் திருவிதாங்கூரில் கடந்தவர் மேரி புன்னன் லூக்கோஸ் (1886 - 1976). பெண் என்பதால் கல்லூரியில் அறிவியல் பாடம் மறுக்கப்பட்டு, 1909-ல் கலைப் பாடத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். பின் லண்டன் சென்று, ஷார்லீப் 1882-ல் பட்டம் பெற்ற அதே லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1916-ல் ஊர் திரும்பி, திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். குழந்தைகளுக்குத் தாயான பின்னும் பணியைத் தொடர்ந்து, 1938-ல் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரி ஆனார். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனையை அமைத்தவர் அவர். 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தபோது அந்த மருத்துவமனையும் தமிழகத்துக்கு வந்தது. இன்று நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும், கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் உள்ளன. இரண்டிலும் பெண்கள் படிக்கிறார்கள்.

வரலாற்று இடம்

மேரி ஷார்லீப் காலனிய அரசின் செல்வாக்கைப் பயன்படுத்த முடிந்த ஆங்கிலேயப் பெண். கவர்னர்களையும் அரசியையும் சந்திக்கும் வாய்ப்பு அவருடன் படித்த மற்ற பெண்களுக்குக்கூட இருக்கவில்லை. பெயர் பதிவாகாத மருத்துவச்சிகள் பலர் அவருக்கு முன்னும் பின்னும் தென்னிந்தியாவின் பிரசவங்களைப் பார்த்தனர். இவற்றைக் கணக்கில் கொண்டே அவர் பங்களிப்பை மதிப்பிட வேண்டும்.

படிப்புக்கு உரிய வயது கடந்துவிட்டது, தாய்மையோடு மருத்துவக் கல்வி பொருந்தாது என்ற இரு வாதங்களையும் அவர் வாழ்க்கை மறுத்தது. முப்பது வயதில் கல்லூரிக்குச் சென்றவர் ஐம்பத்திரண்டு வயது வரை தேர்வுகள் எழுதினார். ஒரு தனி மனிதரின் சாதனை என்பதற்கு அப்பால், அவருக்காகத் திறக்கப்பட்ட வகுப்பறை மீண்டும் மூடப்படவில்லை என்பதே அவர் வரலாற்றின் சாரம்.