ஒரு வகுப்பு கொழும்பில் கூடியபோது

1985ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் ஒரே வகுப்பில் பயின்ற நாங்கள் பதினொருவர், 2024 ஆகஸ்டில் கொழும்பில் மூன்று நாள்கள் ஒன்றுகூடினோம். ரொறன்ரோவிலிருந்து நால்வரும் இலண்டனிலிருந்து இருவரும் பாரிஸ், சிட்னி நகரங்களிலிருந்து ஒவ்வொருவரும் வந்திருந்தனர். ஏனைய மூவரும் இலங்கையிலேயே வாழ்பவர்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளித் தோழர்கள் கொழும்பில் கூடுவானேன் என்று பலர் கேட்டனர். அக்கேள்விக்கான விடை எமது தலைமுறையின் வரலாற்றில் இருக்கிறது.

கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் புகையிரதப் பாதை 1905இல் இணைத்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னர் அந்தத் தொடர்பு மேலும் நெருக்கமாயிற்று. அரச உத்தியோகத்துக்காகத் தலைநகர் சென்ற எமது தந்தையர் பலர் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் அறை எடுத்துத் தங்கினர். விடுமுறைக்கு ஊர் திரும்பினர். 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் இன்றும் வெள்ளவத்தையில் இயங்குகிறது. கொழும்பு சம்பாதிக்கும் இடம், யாழ்ப்பாணம் வாழும் இடம் என்பதே அக்காலக் கணக்கு.

அந்தக் கணக்கை 1983 ஜூலை குலைத்தது. தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அகதி முகாம்களில் இருந்தோரில் பெருந்தொகையினர் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டனர். எமது வகுப்பில் இருவர் அவ்வாறு வந்து சேர்ந்தவர்கள். கொழும்பில் பிறந்து வளர்ந்த அவர்களுக்கு, 'சொந்த ஊர்' என்று சொல்லப்பட்ட யாழ்ப்பாணம் அதுவரை விடுமுறை ஊராகவே இருந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடபகுதிக்கான புகையிரத சேவை நின்றது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகதெரு ஒரே நாளில் வெறுமையாயிற்று. அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் குடியேறினர். எமது வகுப்பு நண்பர் ஒருவரும் அவர்களுள் ஒருவர்; இன்றும் அவர் புத்தளத்திலேயே வாழ்கிறார்.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தனர். கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாமல் நின்ற அந்தக் கூட்டத்தில் எமது வகுப்பினர் நால்வர் இருந்தனர். ஒரே வகுப்பு, ஒரே திகதி, இரு வேறு வெளியேற்றங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காதவரை எமது வகுப்பின் கதை முழுமை பெறாது.

இவ்வாறு சிதறியவர்களுள் ஏறக்குறைய எல்லோரும் கடந்துசென்ற நகரம் கொழும்பு. கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை ஆகிய இடங்களில் இருந்த 'லொட்ஜ்' எனப்படும் விடுதிகளில் கடவுச்சீட்டுக்காகவும் விசாவுக்காகவும் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்காகவும் மாதக்கணக்கில் மக்கள் காத்துக் கிடந்தனர். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் தெருவில் இறங்க எவரும் துணியவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அந்த விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்து அதனை நிறுத்தியது.

ஆகஸ்டுச் சந்திப்பின் இரண்டாம் நாள், கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து கொட்டாஞ்சேனை வரை நடந்தோம். புறக்கோட்டையில் ஒரு நடைபாதை ஓரத்தில் புத்தளத்து நண்பர் நின்றார். 1992இல் அவ்விடத்தில் சாரமும் துவாயும் பரப்பி விற்றுக்கொண்டிருந்தபோது, இன்று ரொறன்ரோவில் வாழும் எமது தோழர் எதிரே வந்தாராம். ஒருவர் ஊரிலிருந்து துரத்தப்பட்டவர். மற்றவர் நாட்டை விட்டுச் செல்லக் காத்திருந்தவர். இருவரும் தேநீர் குடித்தனர். விடுதி முகவரியை ஒரு சிகரெட் பெட்டியின் அட்டையில் எழுதிக்கொண்டனர். பின்னர் 32 ஆண்டுகள் சந்திக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர்கள் மீண்டும் சந்தித்திருக்க அன்று வழியே இருக்கவில்லை. கொழும்பில் கூடுவானேன் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. பாதை திறந்துவிட்டது, வகுப்பு திரும்பவில்லை. முஸ்லிம் குடும்பங்களிலும் ஒரு பகுதியினரே மீளக் குடியேறியுள்ளனர்.

பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டு மலர்களை வெளியிடுகின்றன. அதிபர்களின் படங்களும் துடுப்பாட்டச் சாதனைகளும் அவற்றை அலங்கரிக்கின்றன, அவை வேண்டியவையே. அவற்றோடு இன்னொரு பட்டியலும் சேர வேண்டும். எந்த வகுப்பில் யார், எந்த ஆண்டில், எந்தப் பாதையால், எவருடைய கட்டளையால் அல்லது அச்சத்தால் வெளியேறினார் என்பதை அது பதிவுசெய்ய வேண்டும். 1985ஆம் ஆண்டு வகுப்புக்கான பட்டியலை நாங்கள் பதினொருவரும் மூன்றாம் நாள் காலை எழுதத் தொடங்கினோம். வகுப்பில் இருந்தவர்கள் 38 பேர். இதுவரை 27 பெயர்களுக்கு எதிரே விவரம் எழுதியுள்ளோம். எஞ்சியவை விரைவில் நிரம்ப வேண்டும். நினைவில் வைத்திருப்போரின் தொகையும் குறைந்து வருகிறது.