அந்தியும் யானையும் நிழற்படக் கலையும்



கிழக்கிலங்கைக் கரையில் வாழ்வோர் கதிரவன் எழுவதைக் காணக் கடலை நோக்குவர். அவன் மறைவதைக் காணக் கடலுக்கு முதுகு காட்டுவர். அறுகம்பேயில் மாலை வேளையில் நின்று பாருங்கள். செந்நிற வட்டம் அலைகளினிடையே அமிழ்வதில்லை. மேற்கே வயல்களையும் லகுகலைக் காட்டையும் கடந்து இறங்குகிறது. ஆதலின், அந்தி ஒளியில் வனவிலங்கைப் படம் பிடிக்க விழைவோர் கடற்கரையை விட்டுக் காட்டுப்புறம் செல்ல வேண்டியவராகின்றனர். தொழிலுக்காக அன்றி, ஆர்வத்தினால் மட்டும் கமரா ஏந்தும் அன்பர்கள் இங்கு ஜீப் வண்டியேறிச் செல்லும் அப்பயணத்திற்குச் 'சபாரி' என்று பெயர்.

இச்சொல் நமக்குப் புதிதன்று. பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லைக் கல்முனை முதல் பொத்துவில் வரை வாழும் நம் முஸ்லிம் மக்கள் 'சபர்' என்று வழங்குவர். அதே சொல் ஆபிரிக்கக் கீழைக்கரையின் சுவாகிலி மொழியிற் புகுந்து 'சபாரி' ஆயிற்று. ஆங்கே ஐரோப்பிய வேட்டைக்காரர் அதனைத் துப்பாக்கிப் பயணத்தின் பெயராக்கினர். அப்பெயர் துப்பாக்கியை விட்டுக் கமராவுக்கு வந்து சேர்ந்த வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கையில் யானை வேட்டை வீர விளையாட்டாகவும் அரசாங்கப் பணியாகவும் கருதப்பட்டது. மேஜர் றோஜர்ஸ் என்னும் அதிகாரி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர் பெற்றார். அவர் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனண்ட் எழுதி வைத்த கணக்கு இன்னும் கொடியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளைக் கொன்றதற்கு அரசாங்கம் வெகுமதி வழங்கிற்றாம். பயிரைக் காப்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

அழிவைக் கண்டு அஞ்சிய வேட்டைக்காரரே பின்னர்க் காவலராயினர். 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1938இல் யாலையும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. குமண பறவைச் சரணாலயமும் அவ்வாண்டிலேயே அமைந்தது.

கமரா காட்டுக்குள் நுழைந்த கதையும் இக்காலத்ததே. ஆனால் அந்தி அதற்கு எளிதில் வசப்படவில்லை. பழைய நிழற்படத் தகடுகளுக்குச் செந்நிறம் தெரியாது. கண்ணுக்கு இனிய செவ்வொளி தகட்டில் இருளாகவே விழும். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்த பின்னரே இக்குறை நீங்கலாயிற்று. இந்திய வனத்துறை அதிகாரி சாம்பியன், காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலியே அதை மிதித்துத் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி செய்தார். வெடியொளியின் துணையால் இரவிற் பிடித்த அப்படங்கள் 1927இல் நூலாக வெளிவந்தன. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா என்னும் சிறு கமராவோ, ஆர்வலர் கைக்கும் இக்கலையை எளிதாக்கிற்று.

தமிழருக்கு இத்துறையில் ஒரு பெருமை உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்த கனத்த கமராவுடன் காடுகளில் அலைந்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்கள் புகழ் பெற்றவை. இந்திய அரசு 1960இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. விலங்கின் இயல்பை அறிந்தபின்னரே அதன் படத்தை எடுக்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். பொத்துவிலுக்கு மேற்கே உள்ள லகுகலைக் குளம், கோடை முற்றி மற்ற நீர்நிலைகள் வற்றும்போதும் உயர்ந்த நீர்ப்புல் செழித்து நிற்பது. பிற்பகல் வெயில் தணிய, யானைகள் காட்டை விட்டு அக்குளத்தில் இறங்கும். 1980இல் அது தேசியப் பூங்காவாயிற்று. தெற்கே பாணமையும் உகந்தை முருகன் கோயிலும் கடந்தால் குமண. அங்குள்ள வில்லில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். போர்க்காலத்தில் 1985 முதல் மூடப்பட்டிருந்த அப்பூங்கா 2003இல் திறக்கப்பட்டது. 2006இல் குமண தேசியப் பூங்கா என்னும் பெயரைப் பெற்றது.

நிலநடுக்கோட்டை அண்டிய நம் நாட்டில் ஞாயிறு ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது, அந்தி நீள்வதில்லை. மஃரிபு பாங்கொலி கேட்ட அரை மணிக்குள் இருள் கவிந்துவிடும். பூங்காவையோ மாலை ஆறு மணிக்குள் விட்டு நீங்க வேண்டும் என்பது விதி. நல்ல ஒளியும் வெளியேறும் நேரமும் ஒன்றாய் வருவதால், 'இன்னும் ஒரு படம்' என்று சாரதியை நிறுத்திவைக்கும் ஆசை எழுகின்றது. பின்னர் அவ்வண்டி விரைந்தோடும் பாதையிலேயே யானையும் குறுக்கிடும்.

அந்தி வேளைக்கு இன்னொரு முகமும் உண்டு. படம் எடுப்பவர் கமராவை உறையிலிடும் அந்நேரத்தில் வட்டையைக் காக்கும் உழவர் யானைவெடியுடன் பரணில் ஏறுகின்றார். விருந்தினர் வியந்து நோக்கிய அதே யானை, அவருடைய கதிர் முற்றிய வயலை நாடி வரக்கூடும். 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. யானைகளால் 100க்கு மேற்பட்ட மக்களும் மாண்டனர். வெகுமதி கொடுத்துக் கொன்ற காலம் போயிற்று. ஆயினும் பயிருக்கும் யானைக்கும் இடையேயான பழைய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆகவே, அறுகம்பேயிலிருந்து காடு செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். யானை செவி விரித்துத் தலை நிமிர்த்தினால், படம் நன்றாக அமையும் என்று நெருங்காதீர்கள். அது பின்வாங்கச் சொல்லும் குறி. இருளில் அதன் கண்ணில் மின்னொளி பாய்ச்சாதீர்கள். மருண்ட விலங்கு செல்லும் வழியில் ஒரு பரணும், அதில் ஒரு மனிதரும் இருக்கக்கூடும். உரிய நேரத்திற் புறப்பட்டு, திரும்பும் வழியில் வயலோரத்தில் தெரியும் அந்தக் காவல் விளக்கையும் ஒரு முறை பாருங்கள்.