ஆஸ்திரேலியக் குடும்பத்தோடு முதல் வாரம்: ஹோம்ஸ்டே செல்லும் மாணவர்கள் அறிய வேண்டியவை

எஸ்பிஎம் முடித்த கையோடு ஆஸ்திரேலியாவில் பவுண்டேஷன் படிப்பில் சேரும் நம் மாணவர்களில் சிலர், அங்குள்ள ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிப்பைத் தொடங்குகின்றனர். இதற்கு ஹோம்ஸ்டே என்று பெயர். நம் நாட்டில் ஹோம்ஸ்டே என்றால் பள்ளி விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் வீடுதான் நினைவுக்கு வரும். அங்கே வீட்டுக்காரர்களும் அதே வீட்டில் இருப்பார்கள். மாணவருக்கு ஓர் அறையும் உணவும் கொடுத்து, வாரக் கட்டணம் பெறுவார்கள்.

பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டு வரும் பெற்றோருக்கு, "சாப்பிட்டதோ இல்லையோ" என்பதே முதல் கவலை. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. முதல் வாரத்தில் பசியோடு படுக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் உணவு இருந்தும் வாய்திறந்து கேட்கத் தயங்குவதே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

புறப்படும் முன்

விண்ணப்பப் பாரத்தில் உணவைப் பற்றிக் கேட்கும் இடத்தை வெறுமனே விடக்கூடாது. மாட்டிறைச்சி உண்பதில்லை என்றால் அதைத் தெளிவாக எழுத வேண்டும். "இந்து" என்று மட்டும் குறிப்பிட்டால் அங்குள்ளவர்களுக்குப் புரியும் என்று சொல்ல முடியாது. சைவம் என்றால் முட்டை, பால் சேருமா என்பதையும் சொல்ல வேண்டும். சூப்பிலும் குழம்பிலும் மாட்டு எலும்புச் சாறு சேர்க்கும் வழக்கம் அங்கு உண்டு.

கட்டணத்தில் எத்தனை வேளை உணவு அடங்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வார நாள்களில் பசியாறலும் இரவு உணவும் மட்டுமே பல ஒப்பந்தங்களில் இருக்கும். மதிய உணவுச் செலவைப் பெற்றோர் தனியே கணக்கிட வேண்டியிருக்கும். அங்குள்ள மின்செருகி நம்முடையதைப் போன்றதன்று. அதற்கேற்ற மாற்றுச் செருகி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

விமான நிலையத்தில்

அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு, ஊறுகாய், மசாலைத்தூள் எதுவானாலும் வருகைப் பாரத்தில் அறிவிக்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், முளைக்கக்கூடிய விதைகள் ஆகியவற்றைக் கொண்டு போகாமல் இருப்பதே மேல். அறிவித்த பொருளை அதிகாரிகள் எடுத்துக்கொண்டாலும் அபராதம் விதிக்கமாட்டார்கள். மறைத்தால்தான் அபராதம், விசாவே ரத்தாகும் நிலையும் வரலாம்.

ஒருமுறைதான் கேட்பார்கள்

நம் வீடுகளில் விருந்தாளி முதலில் "வேண்டாம்" என்பது மரியாதை. வீட்டுக்காரர் இரண்டு மூன்று முறை வற்புறுத்தி இலையில் வைப்பார். ஆஸ்திரேலிய வீட்டில் ஒருமுறை கேட்பார்கள். "வேண்டாம்" என்றால் அதை மதித்து உணவை எடுத்து வைத்துவிடுவார்கள். அது அன்பில்லாமை அல்ல; சொன்ன சொல்லை அப்படியே ஏற்கும் பழக்கம்.

எனவே பசித்தால் "ஆமாம், கொடுங்கள்" என்று சொல்லிப் பழக வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் எதையெல்லாம் தானே எடுத்துக்கொள்ளலாம் என்பதை முதல் நாளே கேட்பது தவறன்று. மாலையில் "டீக்கு வா" என்று அழைத்தால் அது தேநீராக மட்டும் இருக்காது. பல வீடுகளில் இரவு உணவையே "டீ" என்பார்கள். அதுவும் ஆறு, ஆறரை மணிக்கே முடிந்துவிடும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை அறையிலேயே இருந்துவிட்டால் சாப்பாட்டு நேரம் போய்விடும்.

அலமாரியில் மைலோ டின்னைக் கண்டால் வியக்க வேண்டாம். நம் தோட்டப்புற வீடுகளில் வளர்ந்த அந்தப் பானம் 1934-இல் ஆஸ்திரேலியாவில்தான் உருவானது. அங்கே குளிர்ந்த பாலில் கரையாமல் மேலே தூவியும் குடிப்பார்கள்.

குளியலறையும் அடுப்பும்

மெல்பர்னில் நீண்ட வறட்சியின்போது, 2008-இல், ஒருவர் நாளுக்கு 155 லிட்டருக்குள் தண்ணீர் பயன்படுத்துமாறு அரசாங்கம் கேட்டுக்கொண்டது. அந்தச் சிக்கனம் பல வீடுகளில் இன்றும் தொடர்கிறது. நான்கைந்து நிமிடத்தில் குளித்து முடிப்பதையே எதிர்பார்ப்பார்கள். குளியலறைத் தரையை நனைக்கக்கூடாது. கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இல்லாமல் காகிதம் மட்டுமே இருக்கலாம்.

சமைக்க அனுமதி கிடைத்தால், கடுகு தாளிப்பதற்கு முன் புகைபோக்கி விசிறியைப் போட்டு, சன்னலைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கை மணி வீட்டையே எழுப்பிவிடும்.

அழைப்பதும் பேசுவதும்

வீட்டுக்காரர்கள் தங்களைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்வார்கள். பெரியவர்களை "அங்கிள், ஆன்ட்டி" என்றே அழைத்துப் பழகியவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். அவர்கள் சொல்கிறபடி அழைப்பதே அங்கு மரியாதை. வெளியே போவதையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மெல்பர்ன் நேரம் நம்மைவிட 2 மணி முன்னே இருக்கும். அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை 3 மணி. வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு அம்மா அழைத்தால், பிப்ரவரியில் அங்கே நள்ளிரவு ஒரு மணி. அழைக்கும் நேரத்தை இரு தரப்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டால் "சாப்பிட்டேன்" என்ற பதில்தான் வரும். "இன்று என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்டால் உண்மை நிலை தெரியும்.

சரிப்படாவிட்டால்

18 வயது நிரம்பாத மாணவரின் தங்குமிடத்துக்குக் கல்வி நிலையமே பொறுப்பேற்றிருந்தால், அந்த வீட்டை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். பிறகு குறைந்தது ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். தங்கவைக்கும் பெரியவர்கள் சிறுவர்களுடன் பழகத் தகுதியானவர்கள் என்ற அரசாங்கச் சான்று பெற்றிருக்க வேண்டும். இது 2018-ஆம் ஆண்டின் தேசிய விதித்தொகுப்பில் உள்ளது.

உணவு போதவில்லை, அறைக்குப் பூட்டில்லை, யாரோ ஒருவரின் நடத்தை அச்சம் தருகிறது என்றால் உடனே கல்வி நிலையத்தின் மாணவர் நல அதிகாரியிடம் சொல்ல வேண்டும். வீடு மாற்றிக் கேட்பது குற்றமல்ல. ஆனால் 18 வயதுக்குட்பட்டவர் அனுமதியின்றி நண்பர் வீட்டுக்குப் போய்விட்டால் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும். ஆபத்து என்றால் 000 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நலன் அதிகாரியின் எண் பிள்ளையின் கைப்பேசியிலும் பெற்றோரின் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் அனுப்பிய பெற்றோருக்குக் கவலை தரக்கூடாது என்று பிள்ளைகள் பலவற்றை மறைப்பதுண்டு. "எதுவானாலும் சொல், திட்டமாட்டோம்" என்று புறப்படும் முன்பே பெற்றோர் சொல்லி அனுப்புவது பெரிய துணையாக இருக்கும்.