குண்டு விழுந்த எல்லை

நெய்வேலியில் கடல் இல்லை. விடுமுறைக்கு வரும் உறவினர்களுக்குக் கடல் காட்ட வேண்டுமென்றால் நகரியத்தார் வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூருக்குத்தான் போக வேண்டும். மஞ்சக்குப்பத்தில் அறையெடுத்துத் தங்கிவிட்டால் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் காலாற நடந்தே போய்விடலாம். ஊரார் 'சில்வர் பீச்' என்பார்கள். நாங்களும் பலமுறை அவ்வழி நடந்திருக்கிறோம். கடலைப் பார்க்கும் அவசரத்தில் எல்லோரும் தவறவிடுவது, கெடிலம் ஆற்றை ஒட்டிச் சிதைந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையை.

1690-இல் செஞ்சியிலிருந்த மராத்திய மன்னர் இராஜாராமிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கிற்று. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். மொகலாயப் படை நெருக்கிக்கொண்டிருந்த மராத்தியருக்குப் பணமுடை. கம்பெனிக்கோ நிலம் வேண்டும். கிரயத்தில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது: கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டுகிற தொலைவு வரையுள்ள நிலம் முழுவதும் வாங்கியவருக்கே. அப்படி இருக்கையில் எவராவது சிறிய பீரங்கியைத் தேடுவார்களா? அதிகத் தொலைவு எறியும் பீரங்கியையே நாடினார்கள். குண்டுகள் விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரும் கடலூரின் குண்டுசாலையும் அந்த நாளை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

உழுதுகொண்டிருந்தவனை யாரும் கேட்கவில்லை. காலையில் மராத்தியர் குடியாக ஏர் பூட்டியவன், தலைக்கு மேல் பறந்த ஓர் இரும்புருண்டையால் கம்பெனியின் குடியானான். ஆவணங்களில் அவன் பெயர் இல்லை. விழுந்த குண்டின் பெயர் மட்டும் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டது.

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தபின், 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். 1756-இல் ராபர்ட் கிளைவ் இங்கே ஆளுநர். 1758-இல் லாலியின் படை கைப்பற்றி இடித்துத் தள்ளிற்று. கோட்டை போனது, எல்லை நின்றது.

நெய்வேலிக்காரர்களுக்கு இக்கதை அந்நியமன்று. நம் பழுப்பு நிலக்கரியின் மேல் கவிந்திருக்கும் பாறைக்கே நிலவியலார் வைத்த பெயர் கடலூர் மணற்கல். 1956-இல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து சுரங்கத்தின் விளிம்பு நகர நகர, அதன் முன்னே இருந்த ஊர்களும் நகர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. இழப்பீடு உண்டு, சட்டம் உண்டு, நாடு முழுவதற்கும் வெளிச்சம் உண்டு. பீரங்கியோடு சேர்த்துப் பேசுவது நியாயமாகாது என்பார் நம் நண்பர்களில் ஒருவர். ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கியபோது எங்களுக்கு நினைவில் வந்தது குண்டு உப்பலவாடிதான்.