குழு உரையாடலில் விடை பகரும் பொறி: ஒரு வரலாற்று நோக்கு

கேள்வி எழுப்புதலும் அதற்கு விடை பகர்தலும் மனித சமுதாயத்தின் தொன்மையான அறிவு முயற்சிகளாகும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் நமது கரையோர முஸ்லிம் ஊர்களின் வாய்மொழி மரபை நோக்குமிடத்து, இம்முயற்சி இரு வேறு வடிவங்களைப் பெற்றிருத்தலைக் காணலாம். ஒன்று நொடி; மற்றொன்று கவி. நொடிக்குரிய விடை முன்னரே வகுக்கப்பட்டது. அறிந்தவர் எவரும் அதனைக் கூறலாம். கவிக்கு எதிர்க்கவி பாடுவோரோ, பாடியவரின் உள்ளமறிந்து புதிய மறுமொழியைப் படைக்க வேண்டும். இவ்வேறுபாட்டினை மனத்திற்கொண்டு, குழு உரையாடல்களில் விடை பகரும் ‘சாட்பொட்’ எனும் மென்பொருளின் வரலாற்றையும், நமது பிரதேசத்தில் அதனை அமைத்து இயக்குவோர் கருத்திற்கொள்ள வேண்டியவற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாறு அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் தொடங்குகின்றது எனலாம். அங்குப் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம் 1966ஆம் ஆண்டு ‘எலைசா’ என்னும் நிரலை வெளியிட்டார். பயனர் எழுதும் வாக்கியத்தில் குறித்த சில சொற்களைத் தேடி, அவற்றுக்கென வகுக்கப்பட்ட வாய்பாட்டின்படி மறுமொழி தருவதே அதன் செயல்முறை. அதற்குப் பொருளுணரும் ஆற்றல் சிறிதுமில்லை. ஆயினும், அது இயங்கும் முறையை அறிந்திருந்த அவரது செயலாளரே, தாம் அதனோடு தனித்து உரையாட விரும்பி, அவரை அறையை விட்டு வெளியேறுமாறு வேண்டினார். இந்நிகழ்ச்சி வைசன்பாமைக் கலக்கமுறச் செய்தது. 1976இல் அவர் எழுதிய நூல், கணினியிடம் ஒப்படைக்கத் தகாத பணிகளும் உள எனும் கருத்தை வலியுறுத்திற்று. நொடியைக் கவியென மயங்குதலே அவர் கண்ட ஆபத்து.

1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யார்க்கோ ஒய்க்கரினென் ‘ஐ.ஆர்.சி.’ எனப்படும் குழு உரையாடல் முறையை உருவாக்கினார். பலர் ஒரே வேளையில் கூடும் இவ்வரங்குகளைக் காவல் செய்யவும், வருவோர்க்குத் தகவல் கூறவும் தானியங்கு நிரல்கள் தோன்றின. 1993இல் தோன்றிய ‘எக்டிராப்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் வெளியான ஐ.ஆர்.சி. விதிமுறை ஆவணம், அறிவித்தல் வகைச் செய்திகளுக்குத் தானியங்கு மறுமொழி ஒருபோதும் அனுப்பலாகாது என விதித்தது. ஒரு பொறியின் மறுமொழிக்கு மற்றொரு பொறி மறுமொழி கூற, அது முடிவின்றித் தொடரும் என்பதே இதற்குக் காரணம். இன்றும் இத்தகைய பொறியை அமைப்போர் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவேயாகும்.

பின்னர் இம்முறை பணிக்குழுக்களிடையே பரவிற்று. கிட்ஹப் நிறுவனம் தன் ஊழியர்களின் உரையாடல் அரங்கிற் பயன்படுத்திய ‘ஹியூபொட்’ நிரலை 2011இல் யாவர்க்கும் திறந்து வழங்கியது. அரங்கில் ஒருவர் பொறிக்கு இடும் கட்டளையையும் அதன் விளைவையும் ஏனையோரும் காண்பதால், புதியவர் பார்த்தே தொழில் பயில இயன்றது. 2015இல் டெலிகிராம் செயலி இவ்வசதியைப் பொதுமக்களுக்கும் எளிதாக்கியது. பொறிக்கு ஒரு பெயரைப் பதிவு செய்து, அதற்குரிய இரகசியக் குறியீட்டைப் பெற்று, இடையறாது இயங்கும் கணினியொன்றில் சிறு நிரலை இயக்கினாற் போதுமானது. அக்குறியீடு பிறர் கையிற் சிக்கின், அவர் பொறியின் பெயராற் பேசலாம். ஆதலின் அதனைக் காத்தல் இன்றியமையாதது. மேலும், இயல்பு நிலையில் டெலிகிராமின் பொறி குழுவிலுள்ளோரின் எல்லாப் பேச்சையும் கேட்பதில்லை. தனக்கு இடப்படும் கட்டளைகள் போன்ற சிலவற்றையே பெறுகின்றது. இவ்வரையறையைத் தக்க காரணமின்றி நீக்குதல் முறையன்று.

இவை நமக்கு எவ்வகையிற் பயன்படும் எனும் வினா எழலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அலை ஓய்ந்த பின்னர் எங்கும் எழுந்தவை கேள்விகளே: காணாமற்போனவர் எந்த முகாமிலுள்ளார்? உதவிப்பொருள் எங்கு வழங்கப்படுகின்றது? இத்தேவையை உணர்ந்து இலங்கையின் கணினித் துறைத் தொண்டர்கள் உருவாக்கிய ‘சஹானா’ என்னும் திறந்த மென்பொருள், பின்னர் உலகளாவிய மதிப்பைப் பெற்றது. அத்தகைய பதிவேடொன்றிலிருந்து தொண்டர் குழுவின் அரங்கிற்கு உடனுக்குடன் விடை கொண்டுவர, எளிய பொறியொன்று துணைபுரியும்.

ஆனால் அப்பொறிக்கு நமது மொழி தெரிந்திருத்தல் வேண்டும். ‘தந்தை’ என்ற சொல்லை மட்டும் பட்டியலில் சேர்த்தால், ‘வாப்பாவைக் காணவில்லை’ என எழுதும் மருதமுனைச் சிறுவனுக்கும், ‘அப்பாவைக் காணவில்லை’ என எழுதும் பாண்டிருப்புச் சிறுமிக்கும் ‘விளங்கவில்லை’ என்பதே விடையாகும். முகம்மது, முஹம்மத், மொஹமட் எனப் பலவாறு எழுதப்படும் ஒரே பெயரும் மூன்று ஆட்களெனக் கொள்ளப்படும். எழுத்துக் குறியீட்டிலும் இடர்ப்பாடு உண்டு. யுனிகோடில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவை, ஒருமைப்படுத்தப்படாவிடின், பொறிக்கு இரு வேறு சொற்களாகும்.

2022ஆம் ஆண்டின் பின்னர் பரவிய ‘சாட்ஜிபிடி’ போன்றவை, புதுப்புது வாக்கியங்களை இயற்றி, கவி பாடுவன போலத் தோன்றுகின்றன. அவை அறியாததையும் அறிந்தது போலக் கூறவல்லன. எளிய பொறியோ தனக்குக் கற்பிக்கப்படாததற்கு வாளாவிருக்கும். முகாமின் பெயரும் மருத்துவமனையின் இலக்கமும் வேண்டப்படும் வேளையில், பிழையான விடையினும் அம்மௌனமே மேலானது. அம்மௌனத்தைக் கண்டு, பொறுப்பேற்ற ஒருவர் எழுந்து பதில் கூறுதல் வேண்டும். ஆகவே, பொறியின் விடைகளை இறுதியாகத் திருத்தியவர் யார், எப்பொழுது திருத்தினார் என்பதை ஒவ்வொரு விடையோடும் குறித்தல் நலம்.

நொடியை ஆக்குபவர் மனிதரே. எந்தச் சொல்லுக்கு விடை உண்டு, எந்தச் சொல்லுக்கு இல்லை என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே. நமது பல்கலைக்கழக மாணவர்கள் இப்பணியை மேற்கொள்ளுங்கால், நிரல் எழுதுவதற்கு முன்னர் தம் ஊர் மக்கள் எவ்வாறு கேட்கின்றனர் என்பதைச் செவிமடுப்பாராக.