டிரைவால் பூச்சுத் தொழில் (வட அமெரிக்கா)

ஜிப்சம் பலகை அடித்த உட்சுவரிலும் உட்கூரையிலும் பலகைகளுக்கு இடையிலுள்ள மூட்டுகளையும் திருகுத் தலைகளையும் மறைத்து, பெயின்ட் அடிக்கத் தோதான ஒரே பரப்பாக்கித் தருவது டிரைவால் பூச்சுத் தொழில். அமெரிக்காவிலும் கனடாவிலும் இது ஒரு முழுநேரப் பிழைப்பு. இதைச் செய்பவரைப் பேச்சு வழக்கில் ‘டேப்பர்’ என்பார்கள். பலகையைத் தூக்கி நிறுத்தித் திருகுபவர் வேறு ஆள். அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாடும் அவரை 47-2081 என்ற எண்ணிலும் டேப்பரை 47-2082 என்ற எண்ணிலும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. நம்மூரில் பெயின்ட் அடிக்கும் முன் பட்டி பார்க்கும் வேலை இதற்கு நெருங்கியது. ஆனால் பட்டி பார்ப்பவருக்குக் கீழே கொத்தனார் பூசிய கெட்டிச் சுவர் இருக்கிறது. டேப்பருக்குக் கீழே அரை அங்குலப் பலகையும் அதற்குப் பின்னால் வெற்றிடமும்தான்.

தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை அமெரிக்க வீடுகளில் மெல்லிய மரச்சட்டங்களை வரிசையாக அடித்து, அதன்மேல் சுண்ணாம்பு அல்லது ஜிப்சக் கலவையைப் பல பூச்சாகப் பூசி உட்சுவர் எழுப்பினார்கள். ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருக்க வேண்டும். நல்ல பூச்சுக்காரர் கிடைக்கவும் வேண்டும். காகித அடுக்குகளுக்கு நடுவே ஜிப்சத்தை வைத்துப் பலகையாக்கும் வழிக்கு அகஸ்டின் சாக்கெட் 1894இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனத்தை யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் நிறுவனம் 1909இல் வாங்கியது. பின்னாளில் பொதுப்பெயர் போலவே ஆகிவிட்ட ‘ஷீட்ராக்’ அந்த நிறுவனத்தின் வணிகப் பெயர். ஆனாலும் பலகை உடனே பரவவில்லை. பூச்சுச் சுவருக்கு ஏழை வீட்டு மாற்று என்றே அதைப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் கால ஆள் பற்றாக்குறையும், போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்காக வேக வேகமாக எழுந்த புறநகர்க் குடியிருப்புகளும்தான் நிலைமையை மாற்றின.

பலகை வந்ததும் பழைய பூச்சுக்காரரின் வேலை பெரும்பகுதி போயிற்று. மூட்டு மட்டும் மிஞ்சியது. அந்த மூட்டைச் சுற்றித்தான் டேப்பரின் தொழில் வளர்ந்தது.

வேலை நடக்கும் விதம்

வழக்கமான பலகை 4 அடிக்கு 8 அடி. அதன் நீளவாட்டு ஓரங்கள் சற்றே சரிந்து மெலிந்திருக்கும். இரண்டு பலகைகளின் மெலிந்த ஓரங்கள் சேரும் இடத்தில் ஆழமில்லாத பள்ளம் உண்டாகும். அதில் கலவையை இட்டு, சுமார் இரண்டு அங்குல அகலமுள்ள காகித டேப்பைப் பதித்து, மேலும் இரண்டு பூச்சு கொடுத்தால் மூட்டு சுவரோடு சுவராகிவிடும். பலகையின் குறுக்கு ஓரத்தில் இந்தச் சரிவு கிடையாது. அங்கே இரண்டு பலகைகள் முட்டினால் டேப்பும் கலவையும் மேடாகத்தான் நிற்கும். அந்த மேட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய, இருபுறமும் கலவையை மெல்ல மெல்ல இழுத்து இரண்டடிக்கு மேலும் பரப்ப வேண்டும். தேர்ந்த ஆளையும் அரைகுறை ஆளையும் பிரித்துக் காட்டுவது இந்த முட்டு மூட்டுதான். பலகை அடிப்பவர் சோம்பேறித்தனமாகக் குறுக்கு மூட்டுகளைக் கூட்டிவிட்டால் அந்தச் சுமை முழுவதும் டேப்பர் தலையில் விழும்.

தொழிலாளர்கள் ‘மட்’ என்று சொல்லும் கலவையில் இரண்டு வகை உண்டு. வாளியில் தயாராக வரும் கலவை சுண்ணக்கல் தூளும் பசையும் சேர்ந்தது. நீர் வற்றி உலர்வது. காயும்போது சுருங்கும், ஒவ்வொரு பூச்சுக்கும் ஏறக்குறைய ஒரு நாள் கேட்கும். மற்றது மூட்டையில் தூளாக வரும். நீர் சேர்த்ததும் வேதிவினையால் இறுகும், சுருக்கம் குறைவு. மூட்டையின்மேல் 20, 45, 90 என்று நிமிடக் கணக்கு அச்சிட்டிருக்கும். இந்த வகையை ‘ஹாட் மட்’ என்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று பூச்சு முடிக்கலாம். கை தாமதித்தால் தட்டிலேயே கல்லாகிவிடும். கண்ணாடியிழை வலை டேப்புக்கு முதல் பூச்சு இந்தக் கலவையில் இருப்பதே நல்லது. மூலைகளுக்குக் காகித டேப்பை மிஞ்சியது இல்லை.

காய்வதற்கு ஆகும் நேரம் இத்தொழிலின் பொருளாதாரத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. பூசும் இடத்தில் வெப்பம் 50 பாரன்ஹீட் (10 செல்சியஸ்) பாகைக்குக் குறையக் கூடாது என்பது விதி. மினசோட்டாவிலோ ஒன்ராறியோவிலோ ஜனவரி மாதத்தில், சூடேற்றாத புது வீட்டில் கலவை நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மணிக்கூலி ஆளுக்கு அது முதலாளியின் கவலை. சதுர அடிக் கணக்கில் வாங்குபவருக்கோ காயக் காத்திருக்கும் நேரத்துக்குச் சல்லிக்காசு கிடையாது. அதனாலேயே ஒப்பந்த டேப்பர்கள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வீடுகளை ஓட்டுகிறார்கள். ஒன்று காயும்போது இன்னொன்றில் பூசுவது வழக்கம்.

கருவிகள்

6, 10, 12 அங்குல அகலத் தகடுகள், கலவைத் தட்டு, மூலைக் கரண்டி, நீண்ட கோலின் முனையில் பொருத்திய உப்புத்தாள் ஆகியவை இருந்தால் வீட்டு வேலை தொடங்கிவிடலாம். பெரிய கட்டடங்களில் கதை வேறு. டேப்பையும் கலவையையும் ஒன்றாகச் சுவரில் ஓட்டிச் செல்லும் நீண்ட குழாய்க் கருவிக்கு ‘பசூகா’ என்று பெயர். தட்டையான மூட்டுகளின்மேல் அளவாகக் கலவை பரப்பும் பெட்டிகளும் உண்டு. இவற்றைப் பரவலாக்கியது ஏம்ஸ் நிறுவனம். நெடுங்காலம் இவற்றை விற்காமல் வாடகைக்கே விட்டு வந்தது. இன்று முழுத் தொகுப்பை வாங்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். உதவியாளராக இருந்தவர் சொந்தமாகக் குத்தகை எடுக்கும் ஆளாக மாறுவது பெரும்பாலும் இந்தத் தொகுப்பை வாங்கும் நாளில்தான்.

உயரத்தை எட்டக் கால்களில் கட்டிக்கொள்ளும் உலோகக் கட்டைகளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஏணியை நகர்த்தி நகர்த்தி ஏறுவதைவிட வேகம். தரையில் ஒரு மின்கம்பி கிடந்தால் போதும், விழுவதும் வேகம். கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி இதைத் தடை செய்யவில்லை. ஆனால் பெரிய சாரத்தின்மேல் கட்டையுடன் நடப்பவர் இருந்தால், கட்டையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு கைப்பிடிக் கம்பியையும் உயர்த்த வேண்டும் என்கிறது.

சான் பிரான்சிஸ்கோவின் கேன்வாஸ் நிறுவனம் கலவையைத் தெளித்துத் தேய்க்கும் ரோபோவை உருவாக்கி, சங்கத் தொழிலாளர்களையே அதை இயக்க வைத்தது. நீண்ட, தடையில்லாத வணிகக் கட்டடச் சுவர்களில் அது பயன்படும். குளியலறை மூலையிலும் மாடிப்படிக்கு அடியிலும் இன்னும் கைதான்.

பூச்சு நிலைகள்

ஜிப்சம் சங்கம் வெளியிட்ட ஜிஏ-214 என்ற ஆவணம் பூச்சை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கிறது. 0 என்றால் பூச்சே இல்லை. 1இல் டேப் கலவையில் பதிந்திருந்தால் போதும். யாரும் எட்டிப் பார்க்காத உட்கூரைக்கு மேற்பகுதிக்கு இது. ஓடு பதிக்கப்போகும் சுவருக்கும் கார் கொட்டகைக்கும் 2. சொரசொரப்பான அலங்காரப் பூச்சு வரப்போகும் சுவருக்கு 3. வழக்கமான வீட்டுச் சுவர் 4. முழுப் பரப்பின்மேலும் மெல்லிய படலமாகக் கலவையை இழுத்துவிடுவது 5.

தொழில்நுட்ப ஏடுபோலத் தோன்றினாலும், நடைமுறையில் கூலியைத் தீர்மானிப்பது இதுதான். மூட்டு தெரிகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது தகடு பிடித்த கை மட்டுமல்ல, வெளிச்சமும்கூட. நீண்ட நடைபாதையின் கோடியில் ஒரு சன்னல் இருந்து, மாலை வெயில் சுவரை உரசிக்கொண்டு விழுந்தால் 4ஆம் நிலையில் செய்த எந்த மூட்டும் நிழல் காட்டும். பளபளப்பான பெயின்ட் அடித்தால் இன்னும் மோசம். அத்தகைய இடங்களுக்கு 5 தேவை என்று ஆவணமே சொல்கிறது. இருந்தும், 4க்கு விலை பேசிவிட்டு 5ஐ எதிர்பார்க்கும் வீட்டுக்காரர்கள் நிறைய. ‘வழுவழுப்பாக இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிற டேப்பர் தன் கூலியில் ஒரு பகுதியை அப்போதே விட்டுக்கொடுத்தவர். நிலையை எண்ணால் எழுதி வாங்குவதும் பூசும் திறமை அளவுக்கே தேவையான திறமை.

சுவரில் அடிப்பூச்சு பெயின்ட் ஏறியதும் பழுதுகள் வெளியே வரும். பெயின்ட்காரர் கைகாட்டுவது டேப்பரை. மரச்சட்டம் வளைந்திருந்தாலும், பலகை தூக்கி நின்றாலும் அவரையே. திரும்பி வந்து திருத்தும் அந்த நாள் மணிக்கூலியில் சம்பளம், சதுர அடிக் கணக்கில் நட்டம்.

கூலியும் சங்கமும்

டேப்பர்களுக்கான சங்கம் பன்னாட்டுப் பெயின்டர் மற்றும் துணைத் தொழில்கள் சங்கம். 1887இல் பால்டிமோரில் தொடங்கியது. பலகை அடிப்பவர்கள் பெரும்பாலும் தச்சர் சங்கத்தில் இருக்கிறார்கள். ஒரே சுவரில் அடுத்தடுத்து வேலை செய்பவர்கள் இரண்டு சங்கமாகப் பிரிந்து கிடப்பதை விசித்திரம் என்றே சொல்ல வேண்டும். சங்கத்தின் பயிற்சி வழக்கமாக மூன்றாண்டு. தேர்ச்சி பெற்றவருக்குரிய கூலியில் ஒரு பகுதியிலிருந்து தொடங்கி, படிப்படியாக உயர்த்துவார்கள். கனடாவில் டிரைவால் பூச்சும் சுவர்ப்பூச்சும் சேர்ந்த தொழிலுக்கு ‘ரெட் சீல்’ சான்று உண்டு. ஒரு மாகாணத்தில் பெற்றது மற்ற மாகாணங்களிலும் செல்லும். அமெரிக்காவில் கூட்டாட்சிப் பணத்தில் நடக்கும் கட்டுமானங்களுக்கு 1931ஆம் ஆண்டு டேவிஸ்-பேக்கன் சட்டம் பொருந்தும். அந்தந்த வட்டாரத்தில் நிலவும் கூலிக்குக் குறையக் கொடுக்கக் கூடாது. அரசுக் கணக்கெடுப்புகளில் டேப்பரின் நடுநிலை ஊதியம் பலகை அடிப்பவருடையதைவிடக் கூடுதலாகவே வருகிறது.

இந்தப் பாதுகாப்பெல்லாம் பெரிய கட்டடங்களோடு நிற்கிறது. தனி வீட்டு வேலையில் சங்கம் இருப்பது அரிது. அங்கே கூலி சதுர அடிக்கோ பலகைக்கோ இவ்வளவு என்று பேசப்படும். அதன் கீழ்நோக்கிய இழுப்பு எப்படி இருக்கும் என்பதைத் தெற்குக் கலிபோர்னியா காட்டியது. 1980களில் சங்கம் அங்கே வீட்டுக் கட்டுமானத்திலிருந்து துரத்தப்பட்டது. பலகை அடிப்பவரின் கூலி சதுர அடிக்கு 8, 9 சென்ட்டிலிருந்து 4, 5 சென்ட்டுக்கு இறங்கியது. 32 சதுர அடிப் பலகையைச் சுமந்து, வெட்டி, திருகினால் 1 டாலர் 60 சென்ட்கூடத் தாண்டாது. 1992இல் மெக்சிகோவிலிருந்து குடியேறிய தொழிலாளர்கள், எந்தச் சங்கமும் அழைக்காமல் தாங்களே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் பலர் குவானஹுவாட்டோ மாநிலத்தின் எல் மகேய் என்ற ஒரே ஊர்க்காரர்கள். ஊர்ப்பந்தமே அமைப்பாக நின்றது. சுமார் ஐந்து மாதங்களுக்குப் பின் கூலி உயர்வும் தச்சர் சங்கத்தோடு ஒப்பந்தமும் கிடைத்தன. அது பலகை அடிப்பவர்களின் போராட்டம். ஆனால் டேப்பரும் அதே குத்தகைச் சங்கிலியில்தான் கட்டுண்டவர்.

அந்தச் சங்கிலி இப்படி இறங்கும்: கட்டுமான நிறுவனம், அதன்கீழ் டிரைவால் ஒப்பந்தக்காரர், அவர்கீழ் ஆள் திரட்டித் தருபவர், கடைசியில் டேப்பர். இன்று அமெரிக்க டிரைவால் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் லத்தீன் அமெரிக்க வழியினர். முறையான குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களும் அவர்களில் உண்டு. முதலாளி சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன இடத்தில் வேலை செய்தாலும், வருமான வரித்துறையின் 1099 படிவத்தைக் கொடுத்து ‘தனித் தொழில் செய்பவர்’ என்று கணக்குக் காட்டிவிடுகிறார்கள். அப்படிக் காட்டினால் மிகுநேரக் கூலி இல்லை, வேலையில்லாக் காலக் காப்பீடு இல்லை. சமூகப் பாதுகாப்பு வரியில் முதலாளி கட்ட வேண்டிய பாதியும் தொழிலாளி தலையில். இந்தத் தொழிலில் கூலி குறைவாக இருப்பதற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்பவர்கள் இந்தச் சங்கிலியைப் பார்ப்பதில்லை.

உடல்நலம்

60 பவுண்டுக்கு மேற்பட்ட வாளிகளும் தலைக்குமேல் நீளும் கையும் தோள்பட்டையைத் தேய்க்கும். அதைவிடப் பெரிய தீங்கு தூசி. காய்ந்த கலவையை உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் வெண்தூளில் சுண்ணக்கல், டால்க், மைக்காவோடு சில கலவைகளில் சிலிக்காவும் இருக்கும். டேப்பர்கள் சுவாசிக்கும் தூசி சட்ட வரம்பைப்போல் 10 மடங்குவரை போகக்கூடும் என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1999இல் எச்சரித்தது. தேய்க்கும்போதே தூசியை உறிஞ்சும் கருவியைப் பயன்படுத்தினால் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கலாம் என்றும் அது காட்டியது. வழி தெரிந்துதான் இருக்கிறது. ஆனால் கருவியின் விலையும் அதை இழுத்துச் செல்லும் நேரமும் சதுர அடிக் கூலிக்காரரின் கையிலிருந்தே போவதால், முகத்தில் ஒரு காகித மூடியோடு வேலை நடந்துவிடுகிறது.

பழைய கலவைகள் இன்னும் கொடியவை. விரிசல் விடாமலிருக்க அவற்றில் கல்நார் சேர்த்தார்கள். தேய்ப்பவரின் நுரையீரலுக்கு அது என்ன செய்யும் என்று 1970களில் ஆய்வுகள் காட்டின. கல்நார் கலந்த ஒட்டுக் கலவைகளை நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1977இல் தடை செய்தது. கல்நாரால் வரும் மீசோதீலியோமா புற்றுநோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே தடைக்கு முன் தொழிலில் இருந்தவர்கள் பலருக்கு முதுமையில் நோய் வந்தது. அந்தக் கலவை பூசிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அமெரிக்காவிலோ கனடாவிலோ 1980களுக்கு முந்தைய வீட்டை வாங்கிச் சுவரைத் தேய்க்கவோ உடைக்கவோ நினைப்பவர்கள், முதலில் ஒரு துண்டை ஆய்வகத்தில் கொடுத்துக் கல்நார் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.