சிறு தளங்களைக் கள்வர் நாடுவதேன்?

தனவந்தர் மாளிகையையே கள்வர் நாடுவர் என்பர். இணைய வரலாறோ வேறு பாடம் புகட்டுகின்றது. 2016இல் ‘மிராய்’ எனும் நச்சுநிரல், உரியவர் மாற்றாதுவிட்ட கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் கமரா முதலிய சாதாரண கருவிகளை இலட்சக்கணக்கிற் கைப்பற்றியது. களவாடப் பொருளன்று, பிறரைத் தாக்கப் படையே வேண்டியிருந்தது. அதனை ஆக்கியோர் மூன்று இளைஞர். விளையாட்டுத் தள வணிகத்தில் ஆதாயம் தேடியே தொடங்கினர். சிறு இணையத்தளங்களும் இவ்வாறே பொய்மடல் அனுப்பவும் போலிப் பக்கங்களை ஒளித்துவைக்கவும் கைக்கொள்ளப்படுகின்றன. பூட்டில்லாக் கதவுகளை இயந்திரமே தேடித் தட்டுகின்றது.

அவ்வாண்டு ஆகஸ்டில் நம் ஜனாதிபதியின் தளத்திற் புகுந்த வாசகமோ, உயர்தரப் பரீட்சையை ஏப்ரலுக்கு மாற்றவேண்டாமெனக் கோரியது. 17 வயது மாணவர் ஒருவர் கைதானார். பொருளாசையும் உண்டு, மனக்குறையும் உண்டு.

மாம்புரி வாலிபராகிய நாம் தளமொன்று அமைப்பின், காவலும் அமைப்போமாக. நம் கதவு வழியே அயலார் வீட்டுக்குக் கேடு செல்லலாகாது.